எய்தவன் இருக்க சென்சாரை நோவானேன்?

மக்களே, இது கொஞ்சம் கிரீஸ் வாடை அடிக்கிற பதிவு. கவிதை, சினிமா விமர்சனம்னு எதிர்பார்த்து வந்தவங்க பொறுத்துக்கணும் :-) ஆனா உங்க வீட்டு வாசல்ல ஒரு டீசல் வண்டி நிக்குதுன்னா, இல்ல சொந்தக்காரங்க யாராவது டாக்சி ஓட்டிக் குடும்பம் நடத்துறாங்கன்னா, கடைசி வரைக்கும் படிச்சிட்டுப் போங்க. சில ஆயிரம் ரூபாயாவது மிச்சமாகும்.

சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். ஸ்கேனர்ல வர்ற கோடு ஒரு புகார். அவ்வளவுதான். புகாரை வாங்கினா விசாரிக்கணும். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்கள் பலதுல விசாரணையே கிடையாது. புகார் கொடுத்தவனையே பிடிச்சு உள்ள வச்சிடறாங்க. 'பூஸ்ட் பிரஷர் கம்மி'ன்னு சென்சார் சொல்லுது. உடனே சென்சாரைக் கழட்டித் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டிடறாங்க. புதுசும் அதையே சொல்லுது. ஏன்னா பிரஷர் நிஜமாவே கம்மி!

நான் மெக்கானிக் இல்லை. பிழைப்புக்கு ஒரு ஆலையில இன்ஸ்ட்ருமெண்டேஷன் வேலை. நாள் முழுக்க பிரஷர் டிரான்ஸ்மிட்டர்களோடதான் பொழுது போகும். எங்க ஆலையில ஒரு லைன்ல பிரஷர் கம்மின்னு அலாரம் அடிச்சா, முதல்ல ஒரு கை கேஜ் எடுத்துட்டுப் போய் அதே லைன்ல மாட்டிப் பார்ப்போம். ரெண்டும் ஒத்துப்போனா டிரான்ஸ்மிட்டர் உண்மை சொல்லுது, லைன்லதான் கோளாறு. ஒத்துப்போகலைன்னாதான் டிரான்ஸ்மிட்டர் மேல சந்தேகம். பத்து நிமிஷ வேலை. இந்தப் பத்து நிமிஷம் வண்டிக்கு மட்டும் ஏன் கிடைக்க மாட்டேங்குதுங்கிறதுதான் என் கேள்வி.

முதல்ல ஆட்களை அறிமுகப்படுத்திடறேன்

இன்னைக்கு ஓடுற டர்போ டீசல் வண்டியில முக்கியமான பிரஷர் சென்சார் மூணு.

ஒண்ணு, பூஸ்ட் சென்சார். மேப் சென்சார்னும் சொல்வாங்க. டர்போ அமுக்கித் தள்ளுற காத்து இன்டர்கூலர் தாண்டி எஞ்சினுக்குள்ள நுழையுற இடத்துல உட்கார்ந்திருக்கும். இது அளக்கிறது முழு அழுத்தம். டயர் கடை கேஜை வெறும் காத்துல பிடிச்சா பூஜ்யம் காட்டும் இல்லையா? இது அப்படிக் காட்டாது. கடல் மட்டத்துல எஞ்சின் ஓடாம இருக்கும்போது ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல் காட்டும். அது நம்மைச் சுத்தி இருக்கிற காத்தோட எடை. எஞ்சினை நல்லா மிதிச்சு ஓட்டும்போது 200, 220ன்னு ஏறும்.

ரெண்டாவது, ரெயில் பிரஷர் சென்சார். காமன் ரெயில்ங்கிற அந்தக் கெட்டி இரும்புக் குழாயில டீசல் எவ்வளவு அழுத்தத்துல நிக்குதுன்னு பார்க்கிறது இதோட வேலை. சும்மா ஓடும்போது 250, 300 பார். முழு லோடுல பல எஞ்சின்கள்ல 1600 பார், சிலதுல அதுக்கும் மேல. காமன் ரெயில் கார்ல வந்தது 1997ல, ஆல்ஃபா ரோமியோ 156ல. அதுக்கு அப்புறம் டீசல் எஞ்சினோட கதையே மாறிப்போச்சு.

மூணாவது ஆள் நம்ம ஊருக்குப் புதுசு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்தப்புறம் டீசல் கார்கள்ல சைலன்சர் பக்கம் ஒரு புகை வடிகட்டி வந்துச்சு. டிபிஎஃப். அதுக்கு முன்னாடி ஒரு ஹோஸ், பின்னாடி ஒரு ஹோஸ் வச்சு, ரெண்டு பக்கத்துக்கும் அழுத்தம் எவ்வளவு வித்தியாசம்னு பார்க்கிற சென்சார் இது. வடிகட்டியில கரி அடைக்க அடைக்க வித்தியாசம் ஏறும்.

மூணுக்கும் ஜாதகம் ஒண்ணுதான். ஈசியூவிலிருந்து 5 வோல்ட் ஒரு வயர்ல வரும், கிரவுண்ட் ஒரு வயர், நடுவுல சிக்னல் வயர். அழுத்தம் கம்மின்னா சிக்னல் அரை வோல்ட் பக்கம், அதிகம்னா நாலரை வோல்ட் பக்கம். (பூஸ்ட் சென்சார்ல நாலாவது வயர் இருந்தா அது காத்தோட சூட்டை அளக்க.) அந்த அரைக்கும் கீழ, நாலரைக்கும் மேல ஏன் காலி இடம் விட்டிருக்காங்க? வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ சிக்னல் அங்கதான் போய் நிக்கும். 'இது அழுத்தம் இல்லை, வயரிங் கோளாறு'ன்னு ஈசியூ கண்டுபிடிக்கிறதுக்காக விட்ட இடம் அது. எவ்வளவு யோசிச்சுப் பண்ணியிருக்காங்க பாருங்க. நாம அதைப் படிக்கக்கூட மாட்டேங்கிறோம்.

மூணு விதமான புகார்

கோடுகளைப் பொதுவா மூணு வகையாப் பிரிச்சுக்கலாம். இந்தப் பிரிவு தெரிஞ்சாலே பாதிக் கிணறு தாண்டினாச்சு.

முதல் வகை, மின்சாரப் புகார். பூஸ்ட் சென்சாருக்கு பி0237 (சிக்னல் லோ), பி0238 (சிக்னல் ஹை). ரெயிலுக்கு பி0192, பி0193. டிபிஎஃப் சென்சாருக்கு பி2454, பி2455. வோல்ட்டேஜ் அந்தக் காலி இடத்துக்குள்ள போயிடுச்சுன்னு அர்த்தம். வயர், கனெக்டர், சென்சார், இந்த மூணுல ஒண்ணு. இங்க மல்டிமீட்டர்தான் பேசணும்.

ரெண்டாவது வகை, நம்பகத்தன்மைப் புகார். பி0236, பி0191, பி2453. வோல்ட்டேஜ் எல்லைக்குள்ளதான் இருக்கு, ஆனா சொல்ற கணக்கு மத்த விஷயங்களோட ஒட்டலைன்னு ஈசியூ சந்தேகப்படுது. எஞ்சின் நிக்கும்போதே 140 கிலோபாஸ்கல் காட்டினா எவன் நம்புவான்? சென்சார் கெட்டிருக்கலாம். அதோட வாயில கரி அடைச்சிருக்கலாம். கிரவுண்ட் வயர்ல துரு ஏறியிருக்கலாம்.

மூணாவது வகைதான் முக்கியம். பி0299 (பூஸ்ட் போதலை), பி0234 (பூஸ்ட் ஜாஸ்தி), பி0087 (ரெயில் பிரஷர் கம்மி), பி0088 (ரெயில் பிரஷர் ஜாஸ்தி). இதுல சென்சாரைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. 'நான் கேட்ட அழுத்தம் வரலை'ன்னு ஈசியூ சொல்லுது. அதாவது சென்சார் சொன்னதை நம்பித்தான் இந்தப் புகாரே எழுதியிருக்கு. இந்தக் கோடைப் பார்த்துட்டு எடுத்த எடுப்புல சென்சாரை மாத்துறவரை என்ன சொல்றது? ஜுரம் 103ன்னா தெர்மாமீட்டரை மாத்துற டாக்டர்கிட்ட நீங்க போவீங்களா?

மாமா வண்டி

சும்மா தியரி பேசுறேன்னு நினைச்சுடக் கூடாதுன்னு ஒரு நிஜக் கதை. எங்க மாமா ஒருத்தர் வத்தலக்குண்டுல டூரிஸ்ட் வண்டி ஓட்டறார். டர்போ டீசல், ஏழு பேர் உக்கார்ற வண்டி. கம்பெனி பேர் வேண்டாம், கோளாறு கம்பெனியோடது இல்லை. 2023 மே மாசம், கொடைக்கானல் சீசன் உச்சம். அவருக்கு வருஷ வருமானத்துல பெரிய பங்கு அந்த ரெண்டு மாசத்துலதான்.

காட்ரோடு தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும் வண்டி மூச்சு முட்டும். கருப்பா புகை தள்ளும். கொஞ்ச நேரத்துல செக் எஞ்சின் லைட் எரிஞ்சு லிம்ப் மோட்ல போயிடும். அப்புறம் ரெண்டாவது கியர்தான், மாட்டு வண்டி வேகம்தான். கீழ இறங்கி ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும்.

பக்கத்து டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டார். கோடு பி0299. பூஸ்ட் சென்சார் மாத்தினாங்க. நாலாவது நாள் மறுபடி அதே கதை. 'அந்த சென்சார் டூப்ளிகேட்டா இருக்கும், ஒரிஜினல் போடுவோம்'னு ரெண்டாவது சென்சார். மறுபடி அதே. அப்புறம் சொன்னாங்க பாருங்க, 'டர்போ போயிடுச்சு. மாத்தணும். நாப்பத்தஞ்சு ஆகும்.' மாமா போன் பண்ணினார்.

"மாப்ள, சீட்டு எடுத்தாவது டர்போவை மாத்திரலாமான்னு பாக்குறேன். சீசன் போனா டியூ கட்ட முடியாதுடா."

"மாமா, ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். அதுவரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துராதீங்க"ன்னேன்.

போனேன். கையில ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்கேனர், போன்ல ஒரு ஆப். சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம பூஸ்ட் சென்சார் ரீடிங் பார்த்தேன். 97. வத்தலக்குண்டு இருக்கிற உயரத்துக்கு அது சரி. அப்படியே வண்டியை மெதுவா கொடைக்கானலுக்கு ஓட்டச் சொன்னேன். மேல போய் ஏரி பக்கத்துல நிறுத்தி, ஆஃப் பண்ணி, மறுபடி சாவி மட்டும் போட்டுப் பார்த்தேன். 79. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல காத்து மெலிஞ்சு போயிருக்கும். இருக்க வேண்டியது அவ்வளவுதான். கேஜ் வாங்கிப் பரிசோதிக்கத் தேவையே இல்லாம, மலையே சென்சாருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்துடுச்சு!

மிச்சம் இருந்தது லோடுல பார்க்கிறது. இறங்கி வந்து மறுபடி அடிவாரத்து ஏத்தத்துல மூணாவது கியர்ல அழுத்தச் சொன்னேன். ஈசியூ கேட்டது 210. வந்தது 140. அதுக்கு மேல ஏறவே இல்லை. காத்து எங்கேயோ ஓடிப்போகுது.

ஓரமா நிறுத்திட்டு, சூடு ஆறினதும் இன்டர்கூலர் பைப் மேல கையை ஓட்டினேன். கீழ் ஹோஸ்ல, கிளாம்ப் பக்கத்துல, மேல இருந்து பார்த்தா கண்ணுல படாத இடத்துல எண்ணெய்ப் பிசுக்கு. விரலால மடக்கினா ரப்பர் வாயைத் திறக்குது. ரெண்டு அங்குல வெடிப்பு. சும்மா நிக்கும்போது ஒட்டிக்கிட்டிருக்கும். டர்போ அழுத்தினா பிளந்துக்கும். அளந்த காத்து பாதி வழியில வெளிய போச்சுன்னா, முழுக் காத்துக்கும் கணக்குப் போட்டு ஊத்தின டீசல் எரியாம கருப்புப் புகையா வரும். எல்லாமே ஒட்டிப்போச்சு.

ஹோஸ் விலை ஆயிரத்து இருநூறு. மாமா மறுநாள் காலையில ட்ரிப் எடுத்துட்டார். ரெண்டு சென்சாருக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

அப்படின்னா எந்த வரிசையில பார்க்கணும்?

இதுல ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. நான் பார்க்கிற வரிசை இது.

முதல்ல கோடையும், கோடு வந்த நேரத்துல எஞ்சின் என்ன நிலைமையில இருந்துச்சுங்கிற பதிவையும் (ஃப்ரீஸ் ஃப்ரேம்) எழுதி வச்சிக்கணும். எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு லோடு, எஞ்சின் சூடா, குளிரா. இதைப் பார்க்காம கோடை அழிக்கிறது, சம்பவம் நடந்த இடத்தைக் கழுவி விட்டுட்டு போலீஸைக் கூப்பிடுற மாதிரி.

அடுத்தது, சாவி ஆன், எஞ்சின் ஆஃப். பூஸ்ட் சென்சார் வெளிக் காத்தழுத்தத்தைக் காட்டணும். ஈசியூவுக்குள்ளேயே பல வண்டிகள்ல தனியா ஒரு காத்தழுத்த சென்சார் உண்டு. ரெண்டும் ஓரிரு கிலோபாஸ்கல் வித்தியாசத்துல ஒத்துப்போகணும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில ரெயில் பிரஷர் ஏறக்குறைய பூஜ்யம், சிக்னல் அரை வோல்ட். டிபிஎஃப் சென்சார் வித்தியாசம் பூஜ்யம். நின்ன வண்டியிலேயே இதுல ஒண்ணு தப்பாக் காட்டினா சென்சாரையோ வயரையோ சந்தேகப்படலாம். மூணும் சரியாக் காட்டினா அவசரப்பட்டு சென்சார் மேல கை வைக்காதீங்க.

மின்சாரப் புகார்னா கனெக்டரைக் கழட்டுங்க. பச்சைத் துரு, வளைஞ்ச பின், தண்ணி, எலி கடி (நம்ம ஊர்ல எலிக்கு வயரிங் மேல இருக்கிற காதல் தனிக் காவியம்). 5 வோல்ட் வருதா பாருங்க. கிரவுண்ட் சரியா இருக்கா பாருங்க. எஞ்சின் ஓடும்போது சென்சாரோட கிரவுண்ட் வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல 0.1 வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது. வயரை ஊசியால குத்தி ஓட்டை போடாதீங்க. ஆறு மாசம் கழிச்சு அந்த ஓட்டை வழியா தண்ணி இறங்கி புதுக் கோளாறு பிறக்கும். கனெக்டரோட பின்பக்கமா மெல்லிய முனை விட்டு அளக்கலாம்.

5 வோல்ட்டே வரலைன்னா உடனே ஈசியூ போச்சுன்னு அலறக் கூடாது. பல வண்டிகள்ல ஒரே 5 வோல்ட்டை ரெண்டு மூணு சென்சார் பங்கு போட்டுக்கும். ஒண்ணு உள்ளுக்குள்ள ஷார்ட் ஆனா எல்லாமே படுத்துடும். ஒரே நேரத்துல நாலு சென்சாருக்குக் கோடு வந்தா, நாலும் ஒண்ணா செத்துச்சுன்னு எந்த ஜோசியரும் சொல்ல மாட்டார். ஒவ்வொண்ணா கழட்டிட்டு மீட்டரைப் பாருங்க. எதைக் கழட்டினதும் 5 வோல்ட் திரும்பி வருதோ, அந்த சென்சாரோ அதுக்குப் போற வயரோதான் குற்றவாளி.

இன்னொரு எளிய சோதனை. 'சிக்னல் லோ'ன்னு கோடு வந்த சென்சாரைக் கழட்டிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணுங்க. கோடு 'ஹை'ன்னு மாறினா வயரும் ஈசியூவும் உசிரோட இருக்கு, சென்சார்தான் போயிருக்கு. மாறலைன்னா வயர் பக்கம் தேடலாம். (சில வண்டிகள்ல கழட்டினா சிக்னல் கீழ இறங்குற மாதிரி வச்சிருப்பாங்க. அந்த வண்டியோட சர்க்யூட் படம் பார்த்துட்டு முடிவு பண்ணணும்.)

மூணாவது வகைப் புகார்னா சென்சாரை மறந்துட்டு இயந்திரத்தைப் பாருங்க. பூஸ்ட் கம்மின்னா ஹோஸ், கிளாம்ப், இன்டர்கூலர், அடைச்ச ஏர் ஃபில்டர், டர்போவை இயக்குற வாக்குவம் பைப், அதோட சோலினாய்டு, திறந்தபடி மாட்டிக்கிட்ட இஜிஆர் வால்வு. கடைசியாத்தான் டர்போ. ரெயில் பிரஷர் கம்மின்னா டீசல் ஃபில்டர், லைன்ல காத்து, பம்புல இருக்கிற கட்டுப்பாட்டு வால்வு, அப்புறம் ரிட்டர்ன்ல அதிகமா விடுற இஞ்செக்டர். நாலு ரிட்டர்ன் பைப்லயும் ஒரே அளவுள்ள சின்னச் சின்ன பாட்டில் மாட்டி எஞ்சினை ஓட விட்டா, எந்த பாட்டில் சீக்கிரம் நிறையுதோ அந்த இஞ்செக்டர்தான் ஓட்டை வாய். டிபிஎஃப் புகார்னா அந்த ரெண்டு ஹோஸ்ல வெடிப்போ அடைப்போ இருக்கா, யாராவது கழட்டி மாத்தி மாட்டியிருக்காங்களான்னு முதல்ல பாருங்க. வடிகட்டியோட விலையைக் கேட்டா தலை சுத்தும். ஹோஸ் விலையைக் கேட்டா சிரிப்பு வரும்.

ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. பழைய பம்ப் எஞ்சின்கள்ல எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு இஞ்செக்டர் நட்டையும் லேசா லூஸ் பண்ணி எந்த சிலிண்டர் வேலை செய்யலைன்னு பார்ப்பாங்க. காமன் ரெயில்ல அதைப் பண்ணவே கூடாது. அந்த அழுத்தத்துல வர்ற டீசல் தோலைக் கிழிச்சு உள்ள போகும். வெளிய சின்ன புள்ளி மாதிரிதான் தெரியும், உள்ள விரலே அழுகிப் போகும் அளவுக்கு ஆபத்து. அப்படிப் பட்டா வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரா ஆபரேஷன் வசதி இருக்கிற ஆஸ்பத்திரி. ஹை பிரஷர் பைப்ல ஒழுகலான்னு விரல் வச்சும் பார்க்காதீங்க.

சென்சார் கெடவே கெடாதா?

கெடும். நான் சென்சார் சங்கத் தலைவர் ஒண்ணும் இல்லை :-) சூடு, அதிர்வு, இஜிஆர் கரி, எண்ணெய் ஆவி எல்லாத்துக்கும் நடுவுல குடித்தனம் நடத்துற ஜீவன் அது. பூஸ்ட் சென்சார் வாயில கரிப் பசை அடைச்சா சோம்பேறியாயிடும், அழுத்தம் ஏறினாலும் மெதுவாத்தான் சொல்லும். சென்சாருக்குன்னு விக்கிற கிளீனர் அடிச்சுப் பார்க்கலாம். குண்டூசி விட்டு நோண்டினா உள்ள இருக்கிற மெல்லிய சிலிக்கான் தகடு கிழிஞ்சு நிஜமாவே செத்துடும். நின்ன வண்டியில தப்பாக் காட்டுது, 5 வோல்ட் சரி, கிரவுண்ட் சரி, சிக்னல் வயர் சரின்னா தாராளமா மாத்துங்க. அது விசாரணைக்கு அப்புறம் வந்த தீர்ப்பு. அதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.

எய்தவன் யாரு?

இப்ப விவகாரமான இடத்துக்கு வர்றேன். மெக்கானிக்குகளைத் திட்டிட்டுப் பதிவை முடிச்சா கைதட்டு கிடைக்கும். ஆனா நியாயம் இல்லை.

பழைய லாரி மேஸ்திரிகளை யோசிச்சுப் பாருங்க. டர்போ லாரியில பம்புக்கு மேல ஒரு டயாபிரம் இருக்கும், மேனிஃபோல்டுல இருந்து ஒரு சின்ன பைப் அதுக்கு வரும். பூஸ்ட் வந்தா டீசலைக் கூட்டி விடும். லாரி இழுக்கலைன்னா மேஸ்திரி முதல்ல அந்தப் பைப்பைத்தான் தடவிப் பார்ப்பார். காதை வச்சு உஸ்ஸுன்னு சத்தம் வருதான்னு கேட்பார். ஸ்கேனர் கிடையாது, விசாரணை இருந்துச்சு. இன்னைக்குக் கையில ஸ்கேனர் வந்ததும் விசாரணை போயிடுச்சு. கோடு ஒரு பாகத்தோட பேரைச் சொல்லுது, அந்தப் பாகம் கடையில கிடைக்குது, அப்புறம் எதுக்கு யோசனை?

சரி, ஏன் யோசிக்கலை? யோசிச்சா அதுக்குக் கூலி கிடையாது. ஒரு மெக்கானிக் ரெண்டு மணி நேரம் மீட்டரோட உக்கார்ந்து ஒரு வெடிச்ச ஹோஸைக் கண்டுபிடிச்சு, 'ஹோஸ் ஆயிரத்து இருநூறு, கண்டுபிடிச்ச கூலி ஆயிரத்து ஐநூறு'ன்னு பில் போட்டா என்ன நடக்கும்? 'ஒரு ரப்பர் பைப் மாட்டுறதுக்கு ஆயிரத்து ஐநூறா? சும்மா பார்த்ததுக்கு காசா?'ன்னு சண்டைக்கு நிப்போம். அதே ஆளு மூவாயிரத்து ஐநூறுக்கு சென்சார் மாட்டி, 'கூலி இருநூறு கொடுங்கண்ணே'ன்னா சந்தோஷமாக் கொடுத்துட்டு வருவோம். பாகம் கண்ணுக்குத் தெரியுது, மூளை தெரியலை. அதனால அவர் தன்னோட வருமானத்தை ஸ்பேர் பார்ட்ஸ் லாபத்துக்குள்ள ஒளிச்சு வைக்கக் கத்துக்கிட்டார். அளந்து பார்க்கிறவர் நஷ்டப்படறார், மாத்திப் பார்க்கிறவர் பிழைக்கிறார். பிரஷர் சென்சார் மட்டும் இல்லை, எந்தத் தொழிலை எடுத்தாலும் இந்தக் கணக்குதான்.

இதுல அடிபடுறது யாரு? கம்பெனி காசுல கார் வச்சிருக்கிற ஆளுக்கு ஒரு சென்சார் ஒரு விஷயமே இல்லை. எங்க மாமா மாதிரி வண்டி ஓடினாத்தான் அடுப்பு எரியுங்கிற ஆளுக்கு அது ஒரு மாச டியூ. அவர்கிட்ட மாத்தி மாத்திப் பார்க்கக் காசும் கிடையாது, நாளும் கிடையாது.

என்ன பண்ணலாம்?

ஒர்க்‌ஷாப்ல சென்சார் மாத்தணும்னு சொன்னா சண்டை போட வேண்டாம். மரியாதையா நாலு கேள்வி கேளுங்க. கோடு நம்பர் என்ன? எஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது அந்த சென்சார் எவ்வளவு காட்டுது? 5 வோல்ட்டும் கிரவுண்டும் அளந்தாச்சா? லோடுல ஈசியூ கேட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு? நாலுக்கும் பதில் இருந்தா, அந்த மெக்கானிக்கை விடாதீங்க, நல்ல ஆளு. பதில் இல்லைன்னா, 'அண்ணே, இதை அளந்து சொல்லுங்க, அளக்குறதுக்குத் தனியாக் கூலி தர்றேன்'னு சொல்லுங்க. அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். அதைச் சொல்லாம முதல் நாலை மட்டும் கேட்டா, நீங்க வெறும் தொல்லை பிடிச்ச கஸ்டமர்.

ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய் பக்கத்துலயே கிடைக்குது. அது எல்லாத்தையும் காட்டாது, சில வண்டிகள்ல ரெயில் பிரஷரும் டிபிஎஃப்பும் பார்க்கக் கம்பெனி ஸ்கேனர்தான் வேணும். ஆனா சாவி ஆன் பண்ணிப் பூஸ்ட் சென்சார் எவ்வளவு காட்டுதுன்னு பெரும்பாலான வண்டிகள்ல அதுலயே பார்த்துடலாம். அந்த ஒரு நம்பர் கையில இருந்தாலே பேச்சு வேற மாதிரி போகும்.

அமெரிக்காவுல 1996 மாடல் கார்கள்லேர்ந்து இந்த ஓபிடி-2 கட்டாயமானதே புகையைக் கண்காணிக்கத்தான். மெக்கானிக்குக்குப் பதிலா யோசிக்கிறதுக்காக யாரும் அதைச் செய்யலை. யோசிக்கிற வேலை இன்னும் மனுஷனோடதுதான். அந்த வேலைக்கு நாம கூலி கொடுக்கப் பழகுற வரைக்கும், நல்ல சென்சார்கள் குப்பைத் தொட்டிக்குப் போய்க்கிட்டேதான் இருக்கும்.

உங்க வண்டிக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தா, கோடு நம்பரோட சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

பி.கு: ஒர்க்‌ஷாப்ல மாத்தின பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி வச்சிக்குங்க. அது உங்க காசு. பாதி நேரம் அதுக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது :-)